மணல் மூட்டையும் மனுத்தாளும்

1931 ஜூன் 17ஆம் திகதி சிட்னியின் பாங்ஸ்டவுணில் ஒரு வாடகை வீட்டின் முன்னால் மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு நாள் கழித்து நியூடவுண் யூனியன் வீதியிலும் அதே காட்சி. வாடகை கட்ட வழியில்லாத குடும்பங்களை எழுப்பப் பொலிஸார் வந்தபோது உள்ளே நின்று மறித்தவர்கள் வேலையற்ற தொழிலாளர் இயக்கத்தினர். துப்பாக்கி வெடித்தது, மண்டைகள் உடைந்தன, மறித்தவர்கள் விலங்கோடு கொண்டுபோகப்பட்டார்கள். அப்போது மாநிலத்தை ஆண்டது தொழிற்கட்சி. முதலமைச்சர் ஜாக் லாங், ஏழைகளின் தோழன் என்று பெயர் எடுத்தவர்.

உலகப் பொருளாதார மந்தத்தின் அடுத்த ஆண்டில், 1932இல், அவுஸ்திரேலியத் தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை போனவர் வாடகை கட்டவில்லை, வாடகை வராத வீட்டுக்காரர் நீதிமன்றம் போனார். அங்கே வாடகைக்கு இருப்பவர் சொல்லக்கூடிய நியாயம் எதையும் சட்டம் பெரிதாகக் கேட்கவில்லை. சட்டத்தில் நிற்க இடம் இல்லாதவர்கள் வாசலில் நின்றார்கள்.

போர்க்காலம் வேறொரு வழியைக் காட்டியது. 1941இன் தேசியப் பாதுகாப்பு விதிகள் வாடகையை உயர்த்துவதற்கும் குடியிருப்போரை எழுப்புவதற்கும் கட்டுப்பாடு போட்டன. நியூ சவுத் வேல்ஸ் 1948இல் அதைத் தன் சொந்தச் சட்டமாக்கியது. ஆனால் 1950களின் நடுவிலிருந்து கட்டப்பட்ட வீடுகள் அதற்குள் வரவில்லை. பழைய வீட்டில் இருந்தவருக்குக் காப்பு இருந்தது, புதிய வீட்டுக்கு வந்தவருக்கு இல்லை. கொழும்பில் வாழ்ந்த பலருக்கு இது நேர் எதிராகத் தெரியும். இலங்கையின் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ், குடியிருப்பவரை எழுப்ப வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. அந்த நினைவோடு இங்கே வந்தவர்களுக்கு, ஒற்றைக் கடிதத்தோடு வீடு போகும் என்பது புதிய செய்தி.

மாற்றம் 1970இல் ரெட்ஃபெர்னில் தொடங்கியது. பொலிஸ் கெடுபிடியில் நொந்த பூர்வகுடி இளைஞர்கள், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகச் சட்டத்துறையினரின் துணையோடு, பூர்வகுடிச் சட்ட சேவையை நிறுவினார்கள். அதன் வழியில் 1972 டிசம்பர் 18இல் மெல்பேர்ணின் ஃபிட்ஸ்ரோய் நகர மண்டபத்தின் நிலவறையில் இன்னொரு சட்ட சேவை திறந்தது. பகலில் சம்பளத்துக்கு வேலை செய்த சட்டத்தரணிகள் மாலையில் இலவசமாக அங்கே வந்து உட்கார்ந்தார்கள். சட்டத்தரணியின் கந்தோர்ப் படியை ஒருநாளும் மிதிக்காதவர்கள் கையில் கடிதத்தோடு அந்தப் படிகளில் இறங்கினார்கள். 1977இல் ரெட்ஃபெர்ன் நகர மண்டபத்திலும் ஒரு சட்ட நிலையம் வந்தது.

அதே காலத்தில் பேராசிரியர் ரொனால்ட் ஹென்டர்சன் தலைமையிலான வறுமை விசாரணை ஆணைக்குழு நாட்டையே ஆராய்ந்துகொண்டிருந்தது. அதில் சட்டமும் வறுமையும் என்ற பகுதியைக் கவனித்தவர் ரொனால்ட் சாக்வில். வீட்டுக்காரர், வாடகைக்காரர் உறவை ஆராய்ந்தவர் அட்ரியன் பிராட்புறூக். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய நிலச் சட்டம் வீட்டுக்காரர் பக்கமே சாய்ந்திருக்கிறது என்று 1975இல் வெளிவந்த அறிக்கைகள் காட்டின. அதே ஆண்டில் விக்டோரியாவிலும் அடுத்த ஆண்டில் நியூ சவுத் வேல்ஸிலும் வாடகைக்காரர் சங்கங்கள் உருவாகின. அவற்றின் நெருக்குதலுக்குப் பிறகே விக்டோரியாவில் 1980இலும் நியூ சவுத் வேல்ஸில் 1987இலும் புதிய குடியிருப்பு வாடகைச் சட்டங்கள் வந்தன.

இந்த உதவிக்கான பணம் வந்த வழியும் சுவையானது. 1977இல் நியூ சவுத் வேல்ஸில் வாடகைப் பிணைப்பணச் சபை அமைந்தது. நாங்கள் 'பொண்ட் காசு' என்று கட்டுவது வீட்டுக்காரரின் பையில் தங்காமல் அங்கே போய்ச் சேர்கிறது. இலட்சக்கணக்கானோரின் அந்தக் காசுக்கு வரும் வட்டியில் ஒரு பங்கு, மாநிலம் முழுவதும் இயங்கும் வாடகைக்காரர் ஆலோசனை நிலையங்களுக்குப் போகிறது. ஆகவே அங்கே போய் உதவி கேட்பவர் தருமம் கேட்கவில்லை. அது அவருடைய காசின் வட்டி.

இது தெரியாததால் எங்கள் ஆட்கள் இழப்பது அதிகம். வெளியேறும்படி வரும் கடிதத்தையே இறுதித் தீர்ப்பாக எண்ணி, 'வழக்கு வம்பு வேண்டாம், மானம் போய்விடும்' என்று பெட்டி கட்டிவிடுகிறோம். உண்மையில் அந்தக் கடிதம் ஒரு தொடக்கம் மட்டுமே. குடியிருப்பவர் எழும்ப மறுத்தால் வீட்டுக்காரர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகும் ஆளை வெளியேற்றும் அதிகாரம் நியூ சவுத் வேல்ஸில் ஷெரிஃப் அதிகாரிகளுக்கும் விக்டோரியாவில் பொலிஸாருக்கும்தான் உண்டு. வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றினால் அது சட்டவிரோதம். நியூ சவுத் வேல்ஸில் வாடகை நிலுவைக்காக அறிவித்தல் வந்திருந்தாலும், நிலுவையைக் கட்டி முடித்தால், அல்லது ஒப்புக்கொண்ட தவணைப்படி கட்டிவந்தால், பொதுவாக வீடு தப்பும். அடிக்கடி பிந்துபவருக்கு மட்டும் இந்தச் சலுகை நிச்சயமில்லை. கேட்டால் மொழிபெயர்ப்பாளரையும் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும். தற்காலிக விசாவில் இருப்பவருக்கும் வாடகைச் சட்டம் ஒன்றுதான். விசாவைப் பற்றிய பயத்தில் விசாரணைக்குப் போகாமல் இருப்பவர், தன் பக்கத்தைச் சொல்லாமலே தோற்கிறார்.

சட்டம் இன்னும் முடியாத கதை. 2020 மார்ச் 29இல், பெருந்தொற்றின் நடுவில், தேசிய அமைச்சரவை வாடகை நிலுவைக்காக ஆட்களை வெளியேற்றுவதை ஆறு மாதம் நிறுத்த இணங்கியது. முடியாது என்று அதுவரை சொல்லப்பட்ட ஒன்று சில நாட்களில் முடிந்தது. காரணம் சொல்லாமல் எழுப்பும் வழக்கத்தை விக்டோரியா 2021 மார்ச்சில் பெருமளவு ஒழித்தது. நியூ சவுத் வேல்ஸ் அதற்கு 2025 மே 19 வரை காத்திருந்தது. யூனியன் வீதியில் மணல் மூட்டை அடுக்கியவர்களுக்குப் பின் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்.

அந்த நீண்ட இடைவெளியைக் குறைத்தவர்களில் சட்ட மாணவர்கள் பலர். அவர்கள் படித்துக்கொண்டே மாலையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அயலவரின் கடிதத்தை வாசித்துக் கொடுத்தார்கள். இன்று வென்ற்வேர்த்வில்லிலும் டன்டினோங்கிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். சமூகச் சட்ட நிலையங்கள் பல இன்றும் மாணவத் தொண்டர்களைச் சேர்க்கின்றன. அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்திடம், 'பயப்படாதேங்கோ, இது தீர்ப்பு இல்லை, வெறும் கடிதம்' என்று தமிழிலேயே சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.