காது பிடிக்காத பிழை

ஜிஎஸ்எம் கைபேசியின் முதல் பேச்சுக் கோடெக், 20 மில்லிவினாடிப் பேச்சின் 160 மாதிரிகளை 260 பிட்டுகளாகச் சுருக்கியது. அதன் தரநிலை வெறும் விளக்கத்தோடு நிற்கவில்லை. உள்ளீடும் அதற்குரிய சரியான வெளியீடும் கொண்ட சோதனைக் கோப்புகளையும் வகுத்தது. அவற்றை ஓட்டி, விடையைப் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்ட சின்னஞ்சிறு நிரல்களே அந்தத் தரநிலையை நம்பத்தக்கதாக்கின என்பேன்.

கேட்பது காதுதானே, இத்தனை கறார் எதற்கு என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இக்கோடெக் முந்தைய பேச்சை நினைவில் வைத்தே அடுத்ததைக் கணிக்கிறது. 16 பிட் கூட்டல் எல்லை மீறும்போது உச்ச மதிப்பில் நிற்காமல் எதிர்மறைக்குத் தாவினால், பிழை அடுத்தடுத்த 20 மில்லிவினாடிச் சட்டகங்களுக்கும் பரவும். கரகரப்பைக் காது உணரும். அது எங்கே பிறந்தது என்று காட்டாது. முதலில் மாறிய பிட் காட்டிவிடும். 2012-இல் தரநிலையான ஓபஸ் என்னும் ஒலிக் கோடெக், சுருக்கியதை விரிக்கும் குறிவிலக்கியின் வெளியீடு சற்றே விலகலாம் என இசைந்தது உண்மைதான். அந்த விலகலை அளக்கும் ஒப்பீட்டு நிரலையும் அதுவே சேர்த்துத் தந்தது.