அலுமினியச் சட்டகக் கைத்துப்பாக்கிகளில் மரைச் சீரமைப்பு

மரைச் சீரமைப்பு என்பது திருகாணியைப் பற்றிக்கொள்ளும் துளையின் உள்மரை தேய்ந்தோ பிய்ந்தோ போனபின், அத்துளையை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் பட்டறை வேலை ஆகும். பேச்சு வழக்கில் "மரை கழன்றுவிட்டது" என்று சொல்லப்படும் பழுது இதுவே (அத்தொடர் மனிதர்களைக் குறித்தும் பயன்படுகிறது). அலுமினியக் கலப்புலோகச் சட்டகம் கொண்ட கைத்துப்பாக்கிகளில் இப்பழுது எஃகுச் சட்டகங்களைவிட எளிதில் ஏற்படுகிறது.

பின்னணி

எம்1911 வகைக் கைத்துப்பாக்கி எஃகுச் சட்டகம் கொண்டது. எடையைக் குறைக்கும் நோக்கில் கோல்ட் நிறுவனம் அலுமினியச் சட்டகத்துடன் உருவாக்கிய கமாண்டர் 1950இல் விற்பனைக்கு வந்தது. 1985இல் அமெரிக்கப் படைகள் எம்9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்ட பெரெட்டா 92 வகையின் சட்டகமும் அலுமினியக் கலப்புலோகமே. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் எடை வெகுவாகக் குறைகிறது.

பழுதான சட்டகத்தை எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது எளிதன்று. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி சட்டகமே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. வரிசை எண்ணும் அதிலேயே பொறிக்கப்படுகிறது. எனவே, ஒரு சிறு துளையின் மரை போனால்கூட அதைச் சீரமைக்கவே முயல்வர்.

பழுது ஏற்படும் விதம்

எஃகுத் திருகாணி கடினமானது. அலுமினிய மரை மென்மையானது. அளவுக்கு மீறி இறுக்கினாலும், கோணலாக நுழைத்துத் திருப்பினாலும் மென்மையான பக்கமே விட்டுக்கொடுக்கும். ஈரமும் உப்பும் சேரும்போது இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நிகழ்ந்து அலுமினியம் கரைவதும் உண்டு.

எம்1911 குடும்பத்தில் இதற்குப் பெயர்பெற்ற இடம் கைப்பிடித் தகடுகளைத் தாங்கும் நான்கு புஷ்கள் ஆகும். புஷ்ஷின் வெளிமரை சட்டகத்திலும், கைப்பிடித் திருகாணி புஷ்ஷின் உள்மரையிலும் பொருந்துகின்றன. சட்டகத்தில் உள்ள மரை அங்குலத்திற்கு 60 புரிகள் கொண்டது; அதாவது ஒரு புரியிலிருந்து அடுத்ததற்கு 0.42 மி.மீ. மட்டுமே. திருகாணி புஷ்ஷினுள் இறுகிவிட்டால், அதைக் கழற்றும்போது புஷ்ஷும் சேர்ந்து சுழன்று வெளியே வந்துவிடும். இப்படிச் சில முறை நடந்தால் நுண்ணிய அலுமினிய மரை முற்றிலும் அழிந்துவிடும்.

சீரமைப்பு முறைகள்

பொதுவாக அலுமினியத்தில் போன மரைக்குக் கம்பிச்சுருள் செருகியே முதலில் நினைவுக்கு வரும். ஹெலிகாயில் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படும் இது, வைர வடிவக் குறுக்குவெட்டுக் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் சுருள் ஆகும். பழைய துளையைப் பெரிதாக்கி, அதற்கான தனி டேப்பால் மரை வெட்டிச் சுருளைத் திருகி இறக்குவர். சுருளின் உட்புறம் பழைய அளவிலான மரையாகவே அமைவதால் திருகாணியை மாற்ற வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, எம்6 திருகாணிக்கு (புரியிடைத் தூரம் 1 மி.மீ.) வெட்டப்படும் வெளி மரையின் விட்டம் ஏறத்தாழ 7.3 மி.மீ. ஆகும். சுருளின் மேல்முனை பரப்பிற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பின்னர் அடியில் உள்ள நாக்கை உடைத்து அகற்றுவர்.

ஆனால் கைப்பிடிப் புஷ் துளைக்கு இம்முறை பொருந்தாது. அங்கே சட்டகச் சுவர் மிக மெல்லியது. சுவருக்கு உட்புறம் தோட்டாக்கூடு ஏறி இறங்கும் வழி. ஒருசில புரிகளே உள்ள இடத்தில் சுருள் நிலையாகப் பிடிக்காது. ஆகவே, அதே புரியிடைத் தூரமும் சற்றே பெரிய வெளிவிட்டமும் கொண்ட புஷ்கள் தனியே விற்கப்படுகின்றன. துளையைப் பொருத்தமான டேப்பால் செங்குத்தாக வெட்டி அவற்றைப் பொருத்துவர். டேப் சாய்ந்தால் கைப்பிடித் தகட்டின் துளைகள் ஒத்துவரா. இரண்டாம் முறை வெட்டுவதற்குச் சுவரில் உலோகமும் மிஞ்சாது. அலுமினியம் டேப்பின் பற்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதால் மண்ணெண்ணெய் போன்ற வெட்டு நீர்மம் இடுவது வழக்கம். பொருத்தியபின் புஷ்ஷின் உள்முனை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் தோட்டாக்கூடு உரசிச் சிக்கும். எனவே அம்முனையைச் சுவரோடு சமமாகத் தேய்த்துவிட வேண்டும்.

இத்திருகாணிகள் சுடும்போது எழும் விசையைத் தாங்குவதில்லை. கைப்பிடித் தகடுகளை மட்டுமே பிடித்து நிற்கின்றன. இதனால் முறையாகச் செய்த சீரமைப்பு பாதுகாப்பைக் குறைப்பதில்லை. விரிசல் கண்ட சட்டகத்தின் நிலை வேறு. அதை மரை வேலையால் சரிசெய்ய முடியாது.

வெப்பமும் பசையும்

துளையைப் பற்றவைத்து நிரப்பிப் புதிதாக மரை வெட்டுவது எளிய வழியாகத் தோன்றினாலும், அது சட்டகத்துக்கு ஊறு செய்யும். 7075 போன்ற கலப்புலோகங்கள் டி6 என்னும் நிலையில் தம் வலிமையை ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் நடக்கும் முதிர்வித்தலால் பெறுகின்றன. பற்றவைப்பின் வெப்பம் அதைக் குலைத்துச் சுற்றுப்பகுதியை மென்மையாக்கிவிடும். அனோடைசிங் பூச்சும் கெடும்.

புஷ் மீண்டும் சுழலாதிருக்க மரைப்பசை இடப்படுகிறது. ஆனால் உயர்வலிமைப் பசையைத் தளர்த்த ஏறத்தாழ 250 பாகை செல்சியசு வரை சூடாக்க நேரும் என்பதால், அலுமினியச் சட்டகத்துக்கு அது உகந்ததன்று. கைக்கருவியாலேயே கழற்றக்கூடிய பசை போதுமானது. அதையும் புஷ்ஷின் வெளிமரையில் மட்டும் இட வேண்டும். திருகாணியின் மரையில் பட்டால் முன்பு புஷ்ஷைப் பிடுங்கிய அதே இறுக்கம் மறுபடி உருவாகும்.