நுரை அடங்கும் வரை

போன வருஷம் மூன்று மாதம் போர்ட்லண்டில் பெரியவன் வீட்டில் இருந்தோம் என்று முன்பே எழுதியிருந்தேன். அங்கே பார்த்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். எழுதினால் வீட்டம்மாவுக்குப் பிடிக்காது. இப்போது அனுமதி கிடைத்துவிட்டது, எழுதுகிறேன்.

பையன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். கார் ஷெட்டில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அதற்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு எவர்சில்வர் பீப்பாய். கெக் என்கிறார்கள். "ஏங்க, இட்லிப் பானையை மட்டும் அவன் கண்ணில் காட்டிவிடாதீங்க" என்றாள் என் மனைவி. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் பம்ப், வால்வு, பிரஷர் கேஜ் என்று வேலை பார்த்தவன். குழாயும் கேஜும் இருக்கிற இடத்தைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும்.

அந்த ஊரில் இது சட்டப்படி சரி. ஆனால் ரொம்ப நாளாகச் சரியில்லை. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. (நம் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்தது 1937இல்.) கடைகளை மூடினார்கள், ஆனால் பார்லி மால்ட் பாகு டப்பாவில் அடைத்து வெளிப்படையாக விற்றுக்கொண்டிருந்தது. ரொட்டி சுடத்தான் என்று பேச்சு. அவ்வளவு ரொட்டியை எந்த வீட்டில் சுட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் நிலவறையில் காய்ச்சி, புட்டியில் கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடி வைத்தார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று காஸ் உண்டாக்கும். சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடினால் நடு ராத்திரியில் புட்டி வெடிக்கும்.

1933 டிசம்பரில் மதுவிலக்கு போனது. பிறகு வீட்டில் ஒயின் தயாரிக்கலாம் என்று ஆனது, பீர் மட்டும் அந்தச் சலுகையில் சேராமல் விட்டுப்போயிற்று. அது சரியாக 1978 வரை ஆயிற்று. அந்த வருஷம் அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். ஒரு பெரியவருக்கு வருஷம் 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன், விற்கக் கூடாது. அப்போதும் மாநிலங்கள் தனித்தனியாக ஒத்துக்கொள்ள வேண்டும். அலபாமாவும் மிசிசிபியும் 2013இல்தான் ஒத்துக்கொண்டன.

அந்தக் கெக்கின் கதை இன்னும் சுவாரசியம். அது பீருக்காகச் செய்ததே இல்லை. பெப்சி, கோக் பாகை ஓட்டல்களுக்கு அனுப்பச் செய்த பாத்திரம். ஐந்து கேலன், நம் கணக்கில் சுமார் 19 லிட்டர். செய்த கம்பெனியின் பெயரால் கார்னீலியஸ் கெக் என்பார்கள். பெப்சிக்காரருக்கு ஒரு விதமான இணைப்பு, கோக்காரருக்கு வேறு விதம், ஒன்று மற்றதில் மாட்டாது. பிறகு சோடாக் கம்பெனிகள் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் பாகை அனுப்ப ஆரம்பித்தன. கெக்குகள் பழைய இரும்பு விலைக்கு வந்தன. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பின் புட்டிக்குச் சர்க்கரை போடுவது, அடியில் வண்டல் தங்குவது, இரண்டு வாரம் காத்திருப்பது எல்லாம் பலருக்கு இல்லாமல் போயிற்று. கெக்கில் ஊற்றி, சிலிண்டரிலிருந்து காஸ் கொடுத்தால் முடிந்தது.

ஆனால் நண்பன் வீட்டு விருந்துக்குக் கெக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நான்கு புட்டி போதும். அங்கேதான் சிக்கல்.

குளிர்ந்த பீரில் காஸ் கரைந்து நிற்பது மேலே அழுத்தம் இருக்கிற வரைதான். மான்செஸ்டரில் வில்லியம் ஹென்றி 1803இல் சொன்ன விதி அது. 3 டிகிரியில் 12 பவுண்டு அழுத்தத்தில் பீர் தன்னைப் போல் இரண்டரை மடங்கு காஸைக் கரைத்துவைத்திருக்கும். குழாயைத் திறந்து வெறும் புட்டியில் பிடித்தால் அழுத்தம் சட்டென்று போய்விடும். புட்டி முழுக்க நுரை, அடியில் கொஞ்சம் பீர். பெரிய ஆலைகளில் முதலில் புட்டிக்குள் காஸை அடைத்து, உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமான பிறகு பீரை இறக்குவார்கள். வீட்டுக்காரர்கள் பித்தளை டீயும் மூன்று வால்வும் வைத்து அதே மாதிரி செய்து பார்த்தார்கள். வேலை செய்யும், ஆனால் மூன்று கை வேண்டும்.

என் மகன் வைத்திருந்தது இன்னும் எளிது. பிக்னிக்கில் பிடிக்கிற சாதாரண பிளாஸ்டிக் குழாய். அதன் மூக்கில் புட்டியின் அடிவரை எட்டும் ஒரு கெட்டிக் குழல். குழலின் நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் கார்க். அவ்வளவுதான்.

கார்க்கைப் புட்டி வாயில் அழுத்திக்கொண்டு திறந்தால் பீர் அடியிலிருந்து ஏறும். உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி ஏறி, கெக்கின் அழுத்தத்துக்குச் சமமானதும் ஓட்டம் தானே நின்றுவிடும். அப்போது கட்டைவிரலால் கார்க்கை ஒரு நூல் அளவு நெம்பினால் ‘ஸ்ஸ்’ என்று கொஞ்சம் காற்று போகும், அதே அளவு பீர் உள்ளே வரும். நுரையே எழாது. ஆலையின் சமன் தத்துவத்தை ஒரு விரல் செய்துவிடுகிறது! கடைசியில் மேலே கொஞ்சம் நுரை வரவிட்டு, அந்த நுரைமேலேயே மூடியை அழுத்த வேண்டும். காற்று உள்ளே தங்கினால் சில வாரத்தில் நனைந்த அட்டை மாதிரி ருசி வருமாம். அந்த மூடியும் பழசுதான், பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கியது.

அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். "முகத்தைத் தள்ளி வைடா!" என்று கத்தினேன் போலிருக்கிறது. அவன் திகைத்துப்போய், "என்னப்பா, 12 பவுண்டுதானே" என்றான்.

அவனுக்குத் தாத்தாவைத் தெரியாது. அவன் பிறக்கும் முன்பே போய்விட்டார். படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். ஸ்டைலுக்கு என்று நினைத்திருக்கிறான்.

சங்கரன்கோவிலில் எங்கள் அப்பா கோலி சோடா போட்டு விற்றவர். அந்தப் புட்டி ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்றது. கழுத்தில் ரப்பர் வளையம், உள்ளே கோலி. தண்ணீர் ஊற்றி, மிஷினில் செருகி, காஸைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினால் புட்டி தலைகீழாகப் புரளும். தண்ணீரும் காஸும் கலக்கும். கோலி விழுந்து வளையத்தில் உட்காரும், உள்ளிருக்கும் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். மூடி வேண்டாம், கார்க் வேண்டாம். அந்தக் காலத்துக்கு அற்புதமான மூளை. ஒரே குறை, அதே புட்டி திரும்பத் திரும்ப வரும். எத்தனை பேர் கையில் அடிபட்டு வந்தது என்று பார்த்தால் தெரியாது.

மிஷினைச் சுற்றி ஒரு இரும்புக் கதவு உண்டு. ஆடித்தபசுக்கு ஊரே திரண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தித் திறக்க நேரமில்லை. எனக்குப் பத்து வயது, காலிப் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இடது கண் போயிற்று. அந்த மாதமே மிஷினை விற்றோம். விரிசல் விட்ட புட்டியைத் தனியாக எடுத்து வைக்கிறது என் வேலை. அன்றைக்கு நான் பார்த்தேனா, பார்க்காமல் விட்டேனா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கார் ஷெட்டில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். அவன் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியில் இருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தான். நானும் ஒன்றை எடுத்தேன். இருபத்துநான்கில் இரண்டு தேறவில்லை.

மறுநாள் கடைக்குப் போய், வெல்டர்கள் போடுகிற மாதிரி முகம் முழுக்க மறைக்கிற கவசம் ஒன்று வாங்கி வந்தான். என் மனைவி அதைப் போட்டுக்கொண்டு அப்பளம் பொரித்தாள்.