நள்ளிரவுக் குடை: திருவிதாங்கூரில் மழைக்கால ஆடவர் உடையும் தகுதியும்

‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடைபிடிப்பான்’ என்னும் பழமொழி தமிழிலும் மலையாளத்திலும் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்கி வருகிறது. புதிதாக வந்த செல்வத்தால் நிலைமறந்து நடப்பவனை எள்ளுவது இது. வெயில் இல்லாத இரவில் குடை எதற்கு என்பதே எள்ளலின் அடிப்படை. ஆனால் நள்ளிரவில் மழை பெய்வதுண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் தென் திருவிதாங்கூரில் அது அரிய நிகழ்ச்சியும் அன்று. பழமொழியோ மழையைக் கணக்கில் கொள்ளவே இல்லை. குடையை அது நனையாமல் காக்கும் கருவியாகக் காணாமல் தகுதியின் சின்னமாகவே காண்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஓர் ஆடவன் மழைக்காலத்தில் செப்பமாக உடுத்து வெளியே செல்வது வசதியையும் விருப்பத்தையும் மட்டும் பொறுத்ததாக இல்லை; சாதிவழி வரையறுக்கப்பட்ட உரிமையாகவும் இருந்தது. அவ்வுரிமையின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நள்ளிரவு மழையில் குடையின்கீழ் நடந்த ஒருவனைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். நக்கீரரின் நெடுநல்வாடையில் வேந்தன் பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். சரியும் மேலாடையை இடப்பக்கம் அணைத்துக்கொள்கிறான். முத்துமாலை தாழ்ந்த குடை அவன்மேல் துளி விழாது மறைக்கிறது. அதே பாட்டின் முற்பகுதியில் நீரில் நனைந்த கண்ணியுடன் குளிரில் நடுங்கும் கோவலர் வருகின்றனர். கள்ளுண்டு களித்த வலிய உடலினர், ஆடையின் இரு முனையும் தொங்கத் தூறலைப் பொருட்படுத்தாது தெருவில் திரிகின்றனர். ஒரே பருவத்தில் மூவகை ஆடவர், குடை ஒருவனுக்கே. எனினும் ஏனையோர்க்குக் குடை விலக்கப்பட்டிருந்தது என்பதற்கு அப்பாட்டில் குறிப்பேதும் இல்லை. புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனுக்கு அறிவுறுத்தும்போது, அரசனின் குடையைக் குடிகளைக் காக்கும் கடமையோடு பிணைக்கிறார். கொற்றக்குடை அரசனின் சின்னம் என்பது வேறு. எளியவன் குடை பிடித்தல் குற்றம் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவோரும் உளர், அது பொருந்தாது.

இலைக்குடையும் கையும்

துணிக்குடை பரவுவதற்கு முன் கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் பெரிதும் வழங்கியது ஓலைக்குடையே. தமிழில் தாளிப்பனை எனப்படும் மரத்திற்கு மலையாளத்தில் குடப்பன என்றே பெயர். திருவனந்தபுரத்தை அடுத்த குடப்பனக்குன்று என்னும் ஊர்ப்பெயரில் அம்மரத்தின் பெயர் நிலைத்துள்ளது. வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பின் பட்டுப்போகும் மரம் அது. அம்மரத்தின் ஓலை சுவடி எழுதவும் உதவியது என்பது சுவடியியலார்க்குப் புதிய செய்தியன்று. குடை முடைந்தோர் கணியரும் பாணரும் முதலிய குடியினர். சங்ககாலத்தில் யாழேந்திய பாணரின் பெயரைத் தாங்கிய ஒரு குடி, பிற்காலத்தில் மழைக்குடை முடைந்து வாழ்ந்தது தனியே ஆராயத்தக்கது.

ஓலைக்குடையின் வடிவமே அதனைக் கொண்டவர் யார் என்பதைக் கூறிவிடும். நம்பூதிரி மகளிர் வெளியே செல்லும்போது பிறர் பார்வையினின்று மறைத்துக்கொள்ள ஏந்தியது மறைக்குடை. வயலில் நடவு செய்தோர் தலையில் கவிழ்த்துக்கொண்டது தொப்பிக்குடை; அதற்குக் காம்பு இல்லை. உயர்நிலை ஆடவரின் குடைக்கு நீண்ட காம்பு உண்டு. இக்காம்பு சிறிய செய்தியன்று. தொப்பிக்குடை இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுகிறது. காம்புக்குடையோ ஒரு கையைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதனை ஏந்தி வருபவன் அந்நேரத்தில் எவர்க்கும் கையால் உழைக்க வேண்டாதவன் என்பதைக் குடையே அறிவிக்கிறது.

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில், அக்காலப் பதிவுகள் சாணார் எனக் குறிக்கும் நாடார் குடியினர்மீது இருந்த தடைகள் இடம்பெறுகின்றன. குடை பிடித்தல், செருப்பணிதல், பொன்னணி பூணுதல், ஒரு நிலைக்குமேல் வீடு கட்டுதல் ஆகியன அவர்க்கு விலக்கப்பட்டவை. இவற்றுள் முதலிரண்டும் மழைக்காலத்தில் உடலைத் தாக்குபவை. சேற்றில் வெறுங்கால், மழையில் மூடாத் தலை. தொப்பிக்குடையும், சாக்கையோ ஓலையையோ மடித்துத் தலைமேல் போட்டுக்கொள்ளும் கொங்காணியும் உழைப்பவனுக்கு உரியனவாக இருக்க, காம்புக்குடை மட்டும் விலக்கப்பட்டமையை நோக்கும்போது, தடையின் நோக்கம் அவனை நனையவிடுவதன்று, நிமிர்ந்து நடவாமல் தடுப்பதே எனக் கருத இடமுண்டு.

முழங்கால் என்னும் எல்லை

உடையின் அளவும் அவ்வாறே வரையறுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட குடியினர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை அணிதலாகாது என்பது வழக்கு. சேற்று நிலத்தில் வேலை செய்பவனுக்கு முழங்கால் அளவு ஆடை ஏற்றதே. தாழ உடுத்தால் கரை நனைந்து கனக்கும். இங்ஙனம் உழைப்பின் தேவையால் அமைந்த ஒன்று, வேலை முடிந்து சந்தைக்கோ உறவினர் இல்லத்திற்கோ செல்லும் போதும் மாற்றக்கூடாத அடையாளமாக ஆக்கப்பட்டது. மேலாடையின் நிலையும் இதுவே. நாயர் ஆடவரும் தம்மின் உயர்ந்தோர் முன் தோளிலுள்ள துணியை எடுத்துவிடுதல் மரபு. ஆனால் அணிந்து பின் எடுப்பவனுக்கும் அணியவே கூடாதவனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

1822 முதல் 1859 வரை பல கட்டங்களாக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் பெண்களின் மேலாடை பற்றியதாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அது முறையே. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியனின் தலையீட்டிற்குப்பின் 1859 சூலையில் வெளியான அரசாணையும், உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்னும் வரம்புடனேயே மேலாடையை அனுமதித்தது. ஆயின் ஆடவர் உடையில் நிகழ்ந்த மீறல்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் (1809–1851) தொடங்கிய வழிபாட்டு நெறியில் ஆடவர் தலைப்பாகை கட்டியே பதிக்குள் நிற்கின்றனர். பெரியோர் முன் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டிய நிலையிலிருந்தோர் இறைவன் முன்னிலையில் அதனைக் கட்டி நின்றமை எத்துணைப் பெரிய மாற்றம் என்பதைக் கேரளக் கோயில்களின் வழக்கோடு ஒப்பிட்டால் உணரலாம். அங்கு ஆடவர் மேலாடை களைந்தே உள்ளே செல்கின்றனர். 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, புலையர்க்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையுமாக வில்வண்டி ஏறிச் சென்றார். அவர் மீறியது வழித்தடையை மட்டுமன்று, உடைத்தடையையும் ஆகும்.

துணிக்குடையின் வரவு

இங்கிலாந்தில் சாமுவேல் பாக்ஸ் 1852இல் எஃகுக் கம்பிச் சட்டத்தைக் குடைக்குப் பயன்படுத்திய பின்னர் துணிக்குடை இலேசாயிற்று. பெருமளவில் இந்தியாவிற்கும் வந்தது. கறுப்புத் துணிக்குடைக்குச் சாதிக்கேற்ற வடிவவேறுபாடு இல்லை. முடைந்து தந்த குடியினரிடம் உரிமை பெறவேண்டாம்; காசு கொடுத்துக் கடையில் வாங்கலாம். மடக்கிக் கக்கத்தில் இடுக்கவும் முடியும். அதனாலேயே, விரிப்பதா மடக்குவதா என்னும் புதிய சிக்கல் தோன்றியது. எதிரே மேலோர் வரும்போது குடையை மடக்கி மழையில் நிற்பது பணிவாகக் கொள்ளப்பட்டது. தடை பொருளினின்று செயலுக்கு இடம்பெயர்ந்தது எனலாம். ஆலப்புழையில் 1954இல் தையில் ஆபிரகாம் வர்க்கீசு தொடங்கிய குடைக்கடை பெருந்தொழிலாக வளர்ந்து, ‘குடை வாவச்சன்’ என்றே அவர் அறியப்படும் அளவிற்குக் குடை அனைவர்க்கும் உரிய பொருளாயிற்று.

வேட்டியின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. சூன் மாத மழையில் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் ஆடவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது இயல்பு. முன்னர்க் கட்டாயமாக இருந்த அளவு இன்று வசதிக்காகத் தாமே கொள்ளும் அளவாகியுள்ளது. ஆயினும் வழியில் மதிப்பிற்குரியவர் எவரேனும் எதிர்ப்பட்டால், மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை தாழ விடுவதே மரியாதை. குடையை ஒரு கையில் பிடித்தவாறே மறு கையால் அவிழ்க்கின்றனர். கரை சேற்றில் படிகிறது.