வேர்க்குழாயினுள் எஞ்சும் கிருமிகள்

பல்வலி தணிந்ததும் வேர்க்குழாய்ச் சிகிச்சையைப் பாதியில் கைவிடும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. வலி நின்றதைக் கிருமி அழிந்ததாகக் கொள்வதே இதற்குக் காரணமாகும்.

1965 இல் அமெரிக்க ஆய்வாளர் ககேஹாஷியும் சகாக்களும் எலிகளின் பற்களைத் துளைத்துப் பற்கூழை வெளிப்படுத்தி ஆராய்ந்தனர். கிருமியற்ற சூழலில் வளர்ந்த எலிகளில் காயம் ஆறியது. ஏனையவற்றில் பற்கூழ் அழுகிச் சீழ் கட்டியது. நோயின் மூலம் பக்டீரியாக்களே என்பது அவ்வாய்வினால் தெளிவாயிற்று.

அவற்றை வெளியேற்றுவதுதான் கடினம். வேர்க்குழாய் வளைந்தும் கிளைத்தும் செல்வது. அராவும் ஊசிகள் குழாய்ச்சுவரில் 35 வீதத்தையோ அதற்கு மேலோ தொடுவதில்லை என 2001 இல் வெளியான நுண் சீ.ரி. ஆய்வொன்று காட்டியது. கருவி வழியைத் திறக்கிறது. துப்புரவு செய்வது கழுவும் திரவமே. முதலாம் உலகப் போரில் டேக்கின் என்பார் படையினரின் புண்களைக் கழுவப் பயன்படுத்திய சோடியம் ஹைப்போகுளோரைட்டே (ஆடை வெளுக்கும் திரவத்திலுள்ள அதே பொருள்தான்) இன்றும் முதன்மையானது. கிருமிகளைக் கொல்வதுடன் அழுகிய இழையத்தையும் அது கரைக்கின்றது. அராவும்போது சுவரில் அப்பும் படலத்தை ஈ.டி.ரி.ஏ. அகற்றுகின்றது. மீயொலி அதிர்வு திரவத்தை இடுக்குகளுக்குள் செலுத்த உதவுகின்றது.

உமிழ்நீரைத் தடுக்கும் இறப்பர் திரையின்றி இவை யாவும் செய்யப்படுமாயின், அது பாதிச் சிகிச்சையே என்பது எமது கருத்து. மருத்துவரிடம் அதனைக் கேட்க நோயாளர் தயங்க வேண்டியதில்லை. தற்காலிக அடைப்போ சில வாரங்களே தாக்குப்பிடிக்கும். பின்னர் அது கசிந்து, உமிழ்நீருடன் கிருமிகள் மீண்டும் உட்புகுகின்றன.