திரையில் ஒரு கடாரம்: பழைய போர் விளையாட்டுகளைத் திருத்தியோரும் நம் பிள்ளைகளும்



இராசேந்திர சோழன், ஸ்ரீவிஜயம், கடாரம் ஆகிய பெயர்களை இன்றைய பிள்ளை ஒன்று முதன்முதலாக எங்கே கேட்கும்? பாடநூலில் கேட்கலாம், தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்கலாம். கணினிப் போர் விளையாட்டின் திரையிலும் கேட்கலாம். மூன்றாவது வழியே பல வீடுகளில் முந்திக்கொள்கிறது. திகாம் பத்துவிலும் சுங்கை பட்டாணியிலும் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. அந்த விளையாட்டு காட்டும் கடாரம் நாம் குடியிருக்கும் இதே கெடா மண்ணாகும். எனவே அந்த விளையாட்டில் சோழர் எவ்வாறு இடம்பெற்றனர், யார் இடம்பெறச் செய்தனர், அதில் காட்டப்படுவது எவ்வளவு, விடுபட்டது எவ்வளவு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பதின்மூன்று நாகரிகங்கள், அவற்றில் நாம் இல்லை

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பகுதி 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இடைக்கால உலகின் படைகளையும் நகரங்களையும் நடத்திச் செல்வதே ஆட்டம். விறகு வெட்டி, உழுது, பொன்னும் கல்லும் சேர்த்து, ஊரை அமைத்து, அதன் பிறகே படை திரட்ட வேண்டும். தொடக்கத்தில் 13 நாகரிகங்கள் இருந்தன. அடுத்த ஆண்டில், அதாவது 2000இல், 'தி கான்கரர்ஸ்' எனும் விரிவாக்கம் மேலும் ஐந்தைச் சேர்த்தது. ஆக மொத்தம் 18. பிரித்தானியர் இருந்தனர், மங்கோலியர் இருந்தனர், சப்பானியர் இருந்தனர், மாயர்களும் இருந்தனர். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒருவரும் இல்லை. தென்கிழக்காசியாவிலிருந்தும் ஒருவரும் இல்லை.

வங்காள விரிகுடாவின் இரு கரைகளும் இல்லாத ஓர் இடைக்கால உலகம் அது! அக்காலக் கடல் வாணிகத்தின் பெரும்பகுதி இவ்வழியேதான் நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்குறையின் அளவு விளங்கும்.

ஒட்டு என்பது யாது? மாற்றம் என்பது யாது?

பிள்ளைகள் 'பேட்ச்' என்றும் 'மோட்' என்றும் பேசுவதைப் பெற்றோர் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

'பேட்ச்' என்பது ஒட்டு. கிழிந்த துணியில் ஒட்டுப் போடுவதைப் போல, வெளிவந்துவிட்ட மென்பொருளின் குறைகளைச் சரிசெய்யும் சிறு கோப்பு அது. 'கான்கரர்ஸ்' விரிவாக்கத்திற்கு 1.0சி எனும் அதிகாரப்பூர்வ ஒட்டு வெளிவந்தது. இணையத்தில் கூடி ஆடியவர்களுக்கு நெடுங்காலம் அதுவே பொது அளவாக விளங்கியது.

'மோட்' என்பது மாற்றம். ஆடுவோரே விளையாட்டின் உள்ளே புகுந்து அதன் உருவங்களை, ஒலிகளை, விதிகளை மாற்றியமைப்பது. இந்த விளையாட்டில் படங்களும் ஒலிகளும் ஒருவகைத் தொகுப்புக் கோப்புகளில் இருந்தன. வீரனின் வலிமை, கட்டடத்தின் விலை முதலிய எண்கள் வேறொரு தரவுக் கோப்பில் இருந்தன. திரையில் தோன்றும் சொற்கள் மூன்றாவதொரு கோப்பில் இருந்தன. இவை மூன்றும் தனித்தனியே இருந்ததால், மூல நிரல் கையில் இல்லாத ஆர்வலர்களும் ஒவ்வொன்றாகத் திறந்து ஆராய முடிந்தது.

காலம் செல்லச் செல்ல ஒட்டுகளின் தேவை கூடியது. இவ்விளையாட்டு 256 வண்ணங்களை மட்டுமே கையாளும் முறையில் எழுதப்பட்டது. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 வந்தபோது புல்தரை சிவந்தும் நீர் நிறம் மாறியும் தோன்றின. அகலத்திரைகள் பரவியபோது பழைய சதுர வடிவம் பொருந்தவில்லை. என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. இனி யார் திருத்துவார்? ஆர்வலர்களே முன்வந்தனர். 'யூசர்பேட்ச்' எனும் ஒட்டு அவர்கள் ஆக்கியதே. வண்ணக் கோளாற்றைப் போக்கியது; அகலத்திரையில் ஆட வழிசெய்தது. இதற்காக எவரும் ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கைவிடப்பட்டதை எடுத்து வளர்த்தவர்கள்

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. உலகின் பல மூலைகளிலும் இருந்த ஆர்வலர்கள் இணையம் வழியாக ஒன்றுகூடி, 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்', அதாவது 'மறக்கப்பட்ட பேரரசுகள்' எனும் மாற்றத்தை உருவாக்கினர். 2012இல் அது இலவசமாக வெளிவந்தது. பழைய விளையாட்டில் புதிய நாகரிகங்களைச் சேர்க்க முடியும் என்று காட்டியது அதுவே. சேர்க்கப்பட்ட ஐந்தில் 'இந்தியர்' என்பதும் ஒன்று.

அதன் பிறகு நிகழ்ந்தவை விரைவானவை. 2013 ஏப்ரலில் விளையாட்டின் உயர்தெளிவுப் பதிப்பு வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆர்வலர்களின் படைப்பே 'தி ஃபர்காட்டன்' எனும் பெயரில் அதிகாரப்பூர்வ விரிவாக்கமாயிற்று. திண்ணையில் எழுதிய கையெழுத்து இதழ் ஒன்றைப் பெரிய பதிப்பகம் நூலாக வெளியிட்டதற்கு இதனை ஒப்பிடலாம். 2016 இறுதியில் வந்த 'ரைஸ் ஆஃப் தி ராஜாஸ்' மலாயர், கெமர், பர்மியர், வியட்நாமியர் ஆகியோரைச் சேர்த்தது. தென்கிழக்காசியா அப்போதுதான் வரைபடத்தில் ஏறியது. 2019இல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட 'டெஃபினிட்டிவ்' பதிப்பு வெளிவந்தது.

எனினும் ஒரு குறை நீடித்தது. 'இந்தியர்' எனும் ஒரே பெயருக்குள் துணைக்கண்டம் முழுவதும் அடைக்கப்பட்டிருந்தது. ஒட்டகப்படை முதன்மை, வீரர் பேசியது இந்தி. காவிரிக்கரைக்கும் ஒட்டகத்திற்கும் என்ன தொடர்பு? 2022 ஏப்ரலில் வெளிவந்த 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' இதனைத் திருத்தியது. ஒன்று நான்காயிற்று: இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர். திராவிட வீரர்கள் தமிழில் பேசுகின்றனர். அவர்களுக்கெனத் தனிக் கதைத்தொடரும் உண்டு. அதன் நாயகன் இராசேந்திர சோழன்.

விளையாட்டு வெளிவந்து 23 ஆண்டுகள் கழித்துச் சோழன் வந்தான். 2012இல் அந்த ஆர்வலர்கள் கதவைத் திறந்திராவிட்டால் வந்திருப்பானா என்பது ஐயமே.

திரையில் உள்ள சோழர், கல்வெட்டில் உள்ள சோழர்

இனி ஆசிரியர்களாகிய நம் பணி தொடங்குகிறது. திரையில் உள்ளவற்றைக் கல்வெட்டோடு ஒப்பிடுவோம்.

விளையாட்டில் திராவிடருக்குச் சுருள்வாள் வீரர் தனிச்சிறப்பாக அளிக்கப்பட்டுள்ளனர். சுருள்வாள் கேரளத்துக் களரி மரபோடு இணைத்தே பெரிதும் அறியப்படுவது. சோழர் கல்வெட்டுகள் பெயர் சுட்டும் படைகள் வேறு: வேளைக்காரர், கைக்கோளர், யானைப்படையினராகிய குஞ்சரமல்லர். இப்பெயர்களைக் கேட்டறியும் பிள்ளை விளையாட்டைப் புதிய கண்ணோடு பார்க்கும்.

'வூட்ஸ் ஸ்டீல்' எனும் எஃகு நுட்பமும் விளையாட்டில் உண்டு. தென்னிந்திய உருக்கு உலகப்புகழ் பெற்றது என்பது வரலாற்று உண்மை. நம் வீட்டருகே உள்ள சுங்கை பத்துவும் இரும்பு உருக்கிய இடமே என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அகழாய்வு 2007 முதல் அங்கு உலைகளின் எச்சங்களையும் இரும்புக் கசடுகளையும் வெளிக்கொணர்ந்தது.

இனி, கடாரம். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் கலஞ்செலுத்தி ஸ்ரீவிஜயத்தின் துறைகளைத் தாக்கினான். அவனது மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை வரிசைப்படுத்துகிறது: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலியன. 'கடாரம் கொண்டான்' எனும் பட்டம் இதனால் வந்தது. விளையாட்டு இப்படையெடுப்பைக் காட்டுகிறது. கப்பல்கள் மோதுகின்றன, ஊர்கள் எரிகின்றன, வெற்றி என்று திரை அறிவிக்கிறது.

ஆனால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள்? இராசராசன் காலத்தில், 1006ஆம் ஆண்டையொட்டி, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் எனும் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் எனும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டது. லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை இதனைத் தெரிவிக்கின்றன. சைவ அரசன் ஒருவன், கடல் கடந்த அரசன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு ஊர் வழங்கினான்! போருக்குப் பின்னரும் உறவு அறுந்துபோகவில்லை. 1090இல் முதற்குலோத்துங்கன் அக்கொடையை உறுதிப்படுத்தினான். சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அது ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினருடையது.

படையெடுப்பு ஒரு பருவக்காற்றில் முடிந்தது. வாணிகமோ பல நூற்றாண்டுகள் நின்றது. போர் விளையாட்டு முன்னதைப் பெரிதாக்கிப் பின்னதைச் சிறிதாக்குகிறது. அது அதன் இயல்பு. ஆனால் அதை மட்டுமே அறிந்த பிள்ளை, 'நாம் இம்மண்ணை வென்றவர்கள்' எனும் எண்ணத்தோடு வளரும். பக்கத்து வீட்டு மலாய் நண்பனை அந்த எண்ணத்தோடு பார்ப்பது நன்றோ? தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோர் வேறொரு வழியில் இங்கு வந்தவர்கள் என்பதையும் அப்பிள்ளை அறிந்தாக வேண்டும்.

இன்னொரு போர்

கெடா மண்ணில் நிகழ்ந்த மற்றொரு போரும் கணினியில் உண்டு. 2004இல் வெளிவந்த 'வார் இன் தி பசிபிக்' இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களம் முழுவதையும் காட்டுவது. இதற்கும் ஆர்வலர்கள் மாற்றங்கள் பல செய்தனர்.

1941 டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் போர் நடந்தது. 14, 15ஆம் நாள்களில் குருணில் நடந்தது. 11ஆம் இந்தியப் படைப்பிரிவு பின்வாங்கி மூடா ஆற்றைக் கடந்தது. அந்த விளையாட்டில் ஒரு கட்டத்தின் அகலம் 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். ஜித்ராவிலிருந்து மூடா ஆறு வரை நம் மாநிலம் கண்ட துயரம் முழுவதும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

படைப்பிரிவுகளுக்கு அங்கே அடையாளக் குறிகள் உண்டு. தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு எந்தக் குறியும் இல்லை. ஆயுதம் ஏந்தாதவர் போர் விளையாட்டில் தோன்றுவதில்லை. அவர்களின் பெயரைச் சொல்ல வீட்டில் உள்ளவர்களே இருக்கின்றனர்.

வீட்டிலும் பள்ளியிலும் செய்யத்தக்கவை

1. இவ்விளையாட்டு அமெரிக்கத் தரக் குறியீட்டின்படி பதின்ம வயதினருக்கு உரியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஆட விரும்பினால் பெற்றோர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும்.

2. பழைய வட்டில் ஆடுவதாயின், மாற்றம் எதையும் நிறுவுமுன் விளையாட்டின் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். முதலில் அதிகாரப்பூர்வ ஒட்டு, அடுத்து ஆர்வலர் ஒட்டு, இறுதியில் மாற்றம் என்பதே வரிசை. வரிசை மாறினால் ஒன்றின் கோப்பை மற்றொன்று அழித்துவிடும்.

3. மாற்றம் எந்தப் பதிப்புக்கு உரியது என்று படித்துப் பாருங்கள். இருவர் சேர்ந்து ஆடுவதாயின் இருவரிடமும் ஒரே பதிப்பும் ஒரே மாற்றமும் இருக்க வேண்டும். புதிய பதிப்பில் விளையாட்டின் உள்ளேயே மாற்றங்களைத் தேர்ந்து சேர்க்கலாம்; அறியாத தளங்களிலிருந்து பதிவிறக்கி நச்சுநிரலை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

4. களம் அமைக்கும் கருவி ஒன்று 1999 முதலே இவ்விளையாட்டில் உண்டு. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நாகப்பட்டினம் ஒரு கரை, ஜெராய் மலையடி மறுகரை, நடுவே வணிகக் கப்பல்கள் என்று ஒரு களம் அமைக்கச் சொல்லுங்கள். போரின்றி வெற்றி பெறுவது எப்படி என்று பிள்ளைகளே விதி வகுக்கட்டும்.

5. நம் நாட்டில் 2014 முதல் நான்காம் ஆண்டு மாணவர்க்கு வரலாறு தனிப்பாடமாயிற்று. அப்பாடத்தோடு இதனை இணைத்து, மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்திற்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். திகாம் பத்துவிலிருந்து நெடும்பயணம் அன்று.

ஐந்தாவதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு, பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண்ணிட்ட சண்டியின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. செய்தி வெளிவந்தபோது காலம் கடந்திருந்தது. அதே ஆண்டில்தான், கைவிடப்பட்ட கணினி விளையாட்டு ஒன்று ஆர்வலர்களின் உழைப்பால் மறுவாழ்வு பெற்றது. கோப்பு அழிந்தால் படியிலிருந்து மீட்கலாம். ஆயிரம் ஆண்டுச் செங்கல்லுக்குப் படி கிடையாது, ஒட்டும் கிடையாது.

விளையாட்டைத் திருத்தியோர் அதன் உரிமையாளர் அல்லர். 'இது நமக்குப் பிடித்தது, அழிய விடக்கூடாது' என்று எண்ணியவர்கள் மட்டுமே. அந்த எண்ணத்தில் ஒரு பங்கேனும் நம் பிள்ளைகளுக்குக் கடாரத்தின் மீது உண்டாகுமாயின், திரையின் முன் அவர்கள் செலவிட்ட நேரம் வீணாகாது. வரும் பள்ளி விடுமுறையில் மெர்போக்கிற்கு ஒரு நாள் ஒதுக்குவோமா?

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்