கர்ணன் ஏறிய மேடைகள்

துரோணர் விழுந்த பின் கௌரவர் சேனைக்குக் கர்ணன் தளபதியானான். பதினாறாம் நாள் பொறுப்பேற்றவன் பதினேழாம் நாள் தேர்ச்சக்கரம் புதைய அர்ச்சுனன் அம்புக்கு வீழ்ந்தான். இரண்டே நாள் தளபதி. அந்த இரண்டு நாளையும் மட்டக்களப்பு வாவிக்கரை தலைமுறை தலைமுறையாக விடியவிடிய ஆடியிருக்கிறது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிறது ஆரையம்பதி. இந்தக் கரையில் போர்க்கதை என்றால் வடமோடி என்ற கூத்து வகைதான். ‘கர்ணன் போர்’ அந்த வகைக் கூத்து. ஏடு கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் இருக்கும். ஆருக்குக் கர்ணன், ஆருக்குச் சல்லியன் என்று தீர்மானித்து, பாத்திரத்துக்குரிய பாட்டான சட்டத்தை அவரே கொடுப்பார். வயலிலும் தோணியிலும் பகலைக் கழித்தவர்கள் இரவில் தாளக்கட்டுப் பழகுவார்கள். சதங்கை அணிந்து, அடுக்கு என்ற ஒத்திகை பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். வட்டக்களரி என்ற ஆடுகளத்தைச் சுற்றிச் சனம் இருக்கும். மத்தளத்தோடு அண்ணாவியார் களரிக்குள்ளேயே நிற்பார். கூத்தர் அணியும் கரப்புடுப்பும் முடியும் நல்ல பாரம். அவ்வளவையும் சுமந்து பாடிக்கொண்டே ஆடுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்!

1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் சிங்கள அரங்கைப் புரட்டிப்போட்டது. அது கைக்கொண்ட ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவு உண்டு. நம் களரியிலேயே இவ்வளவு இருக்கிறதே என்று பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனார். 1962இல் அவர் தயாரிப்பில் ‘கர்ணன் போர்’ பேராதனைப் பல்கலைக்கழக மேடை ஏறியது. முழு இரவுக் கூத்து சுருங்கியது. நாலு பக்கமும் பார்த்தவர்கள் ஒரு பக்கத்துக்கு வந்தார்கள். மாணவராக அந்தக் குழுவில் ஆடிய சி. மௌனகுரு பிற்பாடு இம்மரபின் பெரிய ஆய்வாளரானார்.

அந்த மேடையேற்றம் படித்தவர்களிடம் கூத்துக்கு மரியாதை தேடித் தந்தது. ஆனால் கைதட்டல் பெற்ற வடிவத்தை மட்டுமே கூத்தென்று நினைப்பது அண்ணாவிமாருக்குச் செய்யும் அநியாயம் என்பேன். ஊர்க்களரியில் கர்ணன் சாவதற்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். அவன் தோற்பான் என்று தெரிந்தே சனம் நித்திரை முழித்திருக்கும்.

களரியிலும் பேச வேண்டியவை இருந்தன. தேரோட்டி மகனென்று ஏச்சு வாங்கிய வீரனை ஆடிய ஊர்களிலேயே சாதி பார்த்துப் பாத்திரம் கொடுத்ததும் உண்டு, பெண்கள் ஆடியதில்லை. பின்னாளில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவரும் சேர்ந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இந்தக் கேள்விகளைக் களரிக்குள்ளேயே எழுப்பியது. கூத்தை ஊரைவிட்டு வெளியே எடுக்காமல், ஆடுகிறவர்களே இருந்து கதைத்து ஏட்டைத் திருத்தினார்கள்.